சித்திரை வெயில்ல அம்மாவோட அருவி நடை: திருமூர்த்தி மலைக்கே போங்க

கோயமுத்தூர்ல இருந்து 60 வயசு அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு, அருவி பார்த்து நடந்து சுத்தி வர ஒரு நாள் போதுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போதுமுங்க. ஆழியாறு பக்கம் கவியருவி ரோட்டோரம் இருக்கறதால நடை பெருசா இல்லை. உடுமலையில இருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல இருக்கற திருமூர்த்தி மலைக்கே போங்க.

விடியக்காலம் கிளம்பீருங்க. அமணலிங்கேசுவரர் கோயிலைக் கும்பிட்டுட்டு, வெயில் ஏறதுக்குள்ள பஞ்சலிங்க அருவிக்கு ஏறுங்க. அம்மாவை அவசரப்படுத்தாதீங்க, உக்காந்து உக்காந்து ஏறட்டும். போன சித்திரையில எங்கம்மா அப்படித்தான் ஏறுனாங்க. அருவியில குளிச்சு நனைஞ்ச காலைப் பாறையில வெச்சா, ஈரத்தடம் நாலு எட்டுக்குள்ள காஞ்சு போச்சு, அவ்வளவு சூடு. செருப்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

இறங்குனதும் அடிவாரத்துல இருக்கற திருமூர்த்தி அணைப்பக்கம் நடந்து, மலையைப் பார்த்துட்டே கோயிலுக்குத் திரும்புங்க. சுத்து முடிஞ்சுது. காட்டுக்குள்ள குறுக்குவழி தேடிப் போகவே கூடாதுங்க, அது ஆனைமலைப் புலிகள் காப்பகம்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். கோடையில அருவி நூலா விழுகும், நம்பிராதீங்க. கீழ வெயிலடிச்சாலும் மேல மழை பேஞ்சா திடீர்னு வெள்ளம் வந்துரும். தண்ணி கலங்குச்சுன்னா பையனைத் தூக்கிட்டு உடனே மேடேறீருங்க. வனத்துறை அடைச்சு வெச்சிருந்தா வாதாடாம கோயிலோடயே திரும்பீருங்க.

சாப்பாட்டுப் பையைக் குரங்கு கண்ணுல காட்டாதீங்க.