ஹாம்ட்ராம்க் வாக்குகளைக் கட்சிக் கணக்கில் பார்க்காதீர்கள்

2020-ல் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு 85 சதவீதம் போலக் கொட்டிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநில நகரம் ஹாம்ட்ராம்க், 2024 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 40 சதவீதத்துக்கு மேல் எப்படிக் கொடுத்தது, உள்ளூர் வேட்பாளர்களில் யார் எந்தக் கட்சி என்றும் தெரியவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாததில் ஆச்சரியமில்லை, மேயர், நகரமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில் அங்கே கட்சிப் பெயரே இருக்காது. அதுவும் அதிபர் தேர்தல் இல்லாத ஒற்றைப்படை ஆண்டில் நடப்பதால் கூட்டம் குறைவு, அப்புறம் சொந்தபந்தமும் பூர்வீகத்தில் ஏமன்காரரா வங்காளதேசத்தவரா என்பதும்தான் எடுபடும் (நம்மூர் வார்டு தேர்தல் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன!).

ஒரு காலத்தில் போலந்துக்காரர்கள் கோலோச்சிய ஊர். 2021 தேர்தலில் ஏமனில் பிறந்த அமீர் காலிப் மேயராக வென்றார், மன்றம் முழுக்க முஸ்லிம்கள். 2023 ஜூனில் நகராட்சி இடங்களில் வானவில் கொடி (தன்பாலின ஈர்ப்பாளர்களின் அடையாளக் கொடி) ஏற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், அப்போதே லிபரல் தரப்போடு உரசல். அதன்மேல் காஸா போரில் பைடன் அரசு இஸ்ரேலை ஆதரித்த கோபம். 2024 செப்டம்பரில் காலிப் வெளிப்படையாக டிரம்பை ஆதரித்தார்.

ஆனாலும் அந்த ஊரில் முந்தியது ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹாரிஸ்தான், சில சதவீதத்தில். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனும் 9 சதவீதம் போல வாங்கினார். அதனால் ஊரே குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது என்பது என் பார்வையில் மிகை. வாக்குச்சாவடி வாரியான எண்களை அந்த ஊர் அடங்கிய வேன் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள், சரியா?