பெட்ரோல் க்யூவும் ஒரு பிரசிடென்ட்டும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, கஷ்ட காலத்துல தலைவர் எப்படி இருக்கணும்ங்கற கேள்விக்கு, "உண்மையைச் சொன்னதுக்காகவே தோத்துப்போன அமெரிக்க பிரசிடென்ட் ஜிம்மி கார்ட்டர்"னு ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய கடிதம் வந்திருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அவர் பத்தின கேள்விங்க தான்.

கேள்வி: கஷ்ட காலத்துல தலைவர் எப்படி இருக்கணும்னு கேட்டா ரூஸ்வெல்ட் பேரைத் தானே எல்லாரும் சொல்லுவாங்க, நீங்க ஏன் கார்ட்டரைச் சொன்னீங்க? – வாசகர், விருதுநகர்

பதில்: ரெண்டு அடி ஒரே நேரத்துல ஒரே ஆள் மேல விழுந்ததுங்க, அதனால தான். 1933ல ரூஸ்வெல்ட் அமெரிக்க பிரசிடென்ட்டா வந்தப்போ பொருளாதாரம் படுத்திருந்துச்சு, ஆனா அப்போ உலகத்துல அமெரிக்காவை யாரும் அவமானப்படுத்தல. கார்ட்டருக்கு உள்ளேயும் அடி வெளியேயும் அடி. 1979 ஜனவரில ஈரான் மன்னர் ஷா நாட்டை விட்டுப் போறார், பிப்ரவரி 1ந் தேதி மதத் தலைவர் கொமேனி வந்து இறங்குறார், ஈரான் எண்ணெய் வரத்து அடிபட்டதும் கச்சா எண்ணெய் விலை ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. மே மாசம் கலிஃபோர்னியாவுல நம்பர் பிளேட் ஒத்தைப்படையா ரெட்டைப்படையான்னு பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் தான் பெட்ரோல். விடியறதுக்கு முன்னாடியே பங்க் வாசல்ல ஆரம்பிச்ச கார் வரிசை தெரு முனை தாண்டி நிக்கும், இன்ஜினை ஓடவிட்டா இருக்கிற பெட்ரோலும் போயிடும்னு ஆஃப் பண்ணிட்டு முன் வண்டி நகர நகர இறங்கி கையால தள்ளிக்கிட்டே போவாங்க. ஜூன் மாசம் பென்சில்வேனியாவுல லெவிட்டவுன்ங்கற ஊர்ல, லாரிக்காரங்க போராட்டத்தோட சேர்ந்து ரெண்டு ராத்திரி கலவரமே நடந்துச்சு, நடு ரோட்ல காரைக் கொளுத்தினாங்க. யோசிச்சுப் பாருங்க, லெவிட்டவுன்னா போருக்கு அப்புறம் சாதாரண குடும்பத்துக்கும் சொந்த வீடு, ஒரு கார்னு கனவு கண்டு கட்டின ஊரு. அங்க பெட்ரோலுக்காக அடிதடி. விலைவாசி ஏற்றம் அந்த வருஷம் 11 சதவீதத்தைத் தாண்டுச்சு, 1980ல 13.5.

கேள்வி: உண்மையைச் சொன்னதுக்காக தோத்தார்னு எழுதினீங்களே, அது எந்த உண்மை? அதுக்காகத் தான் தோத்தாரா? – வாசகி, தேனி

பதில்: நல்லா பிடிச்சீங்க. அந்த வரியை நானே திரும்ப படிச்சப்போ பாதி தான் சரின்னு தோணுச்சு, அதை இங்கயே திருத்திக்கிறேன்.

1979 ஜூலை 5ந் தேதி டிவில எரிபொருள் பத்தி பேசறதா இருந்தது. அதுக்கு முன்னாடியே அதே விஷயத்தைப் பல தடவை பேசிட்டார், 1977ல பதவிக்கு வந்த ரெண்டாவது வாரமே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கணப்பு பக்கத்துல உக்காந்து, வீட்டுல ஹீட்டரைக் குறைச்சு வைங்கன்னு கேட்டவர் அவர். இன்னொரு தடவையும் அதையே பேசினா ஜனங்க கேக்க மாட்டாங்கன்னு தோணி, கடைசி நேரத்துல பேச்சை ரத்து பண்ணிட்டு கேம்ப் டேவிட்ங்கற மலையில இருக்கிற பிரசிடென்ட் ஓய்வு மாளிகைக்குப் போய் பத்து நாள் உக்காந்துட்டார். அங்க கவர்னர்களைக் கூப்பிட்டார், பாதிரியார்களைக் கூப்பிட்டார், தொழிலாளர் தலைவர்களைக் கூப்பிட்டார், பக்கத்து ஊருங்கள்ல சாதாரண ஜனங்க வீட்டுக்கே போய் உக்காந்து கேட்டார். அவங்க சொன்ன குறையை எல்லாம் நோட்ல எழுதி வச்சுக்கிட்டு, ஜூலை 15 ஞாயித்துக்கிழமை ராத்திரி டிவில வந்து, நாட்டு மக்கள் முன்னாடி வாய்விட்டுப் படிச்சார். முதல் குறையே, "நீங்க இந்த நாட்டுக்குத் தலைமை தாங்கல, அரசாங்கத்தை மேனேஜ் பண்றீங்க அவ்வளவு தான்"ங்கறது. எந்த நாட்டுல எந்த தலைவர் இதைப் பண்ணியிருக்கார் சொல்லுங்க.

அதுக்கப்புறம் தான் அந்த உண்மை. நம்ம பிரச்சனை பெட்ரோல் மட்டும் இல்ல, நம்ம மேலயே நமக்கு நம்பிக்கை போயிடுச்சு, ஒருத்தன் என்ன வேலை செய்யறான்ங்கறது போய் என்ன வச்சிருக்கான்ங்கறதை வச்சு அவனை எடை போடறோம், பொருளை வாங்கிக் குவிச்சா மனசு நிறையாதுன்னு சொன்னார். அந்தப் பேச்சை ஜனங்க வெறுத்தாங்கன்னு இன்னிக்கும் பலபேர் எழுதறாங்க, அது தப்பு. மறுநாளே வெள்ளை மாளிகைக்கு போனும் கடிதமுமா குவிஞ்சுது, கருத்துக்கணிப்புல அவர் செல்வாக்கு 11 புள்ளி ஏறுச்சு.

ஆனா ரெண்டே நாள் தான். ஜூலை 17ந் தேதி மொத்த கேபினட்டையும் ராஜினாமா கொடுங்கன்னு கேட்டார், அதுல அஞ்சு மந்திரிங்க போனாங்க. வீட்டுப் பெரியவர் ஞாயித்துக்கிழமை எல்லாரையும் உக்கார வச்சு மனசு விட்டுப் பேசறார், குடும்பமே கண் கலங்கி சரின்னு தலையாட்டுது, செவ்வாய்க்கிழமை பாதி பேரை வீட்டை விட்டுப் போன்னு சொன்னா அந்த வீட்டுப் பிள்ளைங்க என்ன நினைக்கும்? அரசாங்கமே ஆடுதுன்னு நினைச்சாங்க. டாலர் மதிப்பு விழுந்துச்சு, ஏறின செல்வாக்கும் இறங்கிடுச்சு. அதனால தேனி வாசகி, நான் இப்படி எழுதியிருக்கணும்: உண்மையைச் சொன்னதால தோக்கல, சொன்ன கையோட ஜனங்க செஞ்சு மறுநாளே பலன் பார்க்கிற மாதிரி ஒண்ணும் கொடுக்காம, கேபினட்டையும் ஆட்டி விட்டதால தோத்தார்.

விருதுநகர் வாசகர் கேட்ட ரூஸ்வெல்ட் இங்க தான் வர்றார். 1933 மார்ச்ல பதவி ஏத்த ரெண்டாம் நாள் நாட்டுல உள்ள பாங்க் எல்லாத்தையும் மூடினார், 12ந் தேதி ராத்திரி ரேடியோவுல வந்து, நீங்க போடற பணத்தை பாங்க் என்ன பண்ணுதுன்னு பாடம் மாதிரி சொல்லிட்டு, பணம் உங்க மெத்தைக்கு அடியில இருக்கறதை விட திறக்கிற பாங்க்ல இருக்கறது பத்திரம்னார். மறுநாள் ஜனங்க பணத்தை எடுக்க இல்ல, போட க்யூவுல நின்னாங்க. அவரும் உண்மையைத் தான் சொன்னார். ஆனா காலையில எந்திரிச்சு செய்யறதுக்கு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்தார்.

கேள்வி: கார்ட்டர் காலத்துல நடந்த மாதிரி வட்டியை 20 சதவீதத்துக்கு ஏத்தினா விலைவாசி எப்படி குறையும், ஏழைங்க தானே சாவாங்க? – வாசகர், திருப்பூர்

பதில்: தொழில் ஊர்லேர்ந்து வந்த கேள்வி, வலி தெரிஞ்சு கேட்டிருக்கீங்க. 1979 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குத் தலைவரா பால் வோல்க்கரை உக்கார வச்சது கார்ட்டர். இந்த ஆள் வட்டியை ஏத்துவார்னு தெரிஞ்சே தான் வச்சார். அக்டோபர் 6 சனிக்கிழமை சாயங்காலம் வோல்க்கர் நிருபர்களைக் கூப்பிட்டு, இனிமே பணப்புழக்கத்தைத் தான் பிடிப்போம், வட்டி எங்க போகுதோ போகட்டும்னு அறிவிச்சார். பணம் கிடைக்கறது கஷ்டமாச்சுன்னா வாங்கறவன் கை சுருங்கும், நாளைக்கு விலை ஏறும்னு இன்னிக்கே வாங்கிப் பதுக்கற புத்தி போகும், இது தான் கணக்கு. 1980 டிசம்பர்ல பெரிய கம்பெனிங்களுக்கு பாங்க் கொடுக்கிற வட்டியே 21.5 சதவீதம். என் வீட்டு லோன் 11 சதவீதத்துக்கு ஏறினப்பவே மாசக் கடைசியில மூச்சு முட்டுச்சு, 18 சதவீதத்துல வீடு கட்டினவங்களை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது. வீடு கட்டற மேஸ்திரிங்க, கான்ட்ராக்டருங்க கோபத்துல மரக்கட்டையை வெட்டி அதுமேல எழுதி வோல்க்கருக்கு போஸ்ட்ல அனுப்பினாங்க, கார் விக்கிறவங்க விக்காத காரோட சாவியை அனுப்பினாங்க.

நீங்க சொல்ற மாதிரி அடி விழுந்தது கீழ இருந்தவங்க மேல தான், அதை நான் மறைக்க மாட்டேன். 1982 கடைசியில வேலையில்லாதவங்க 10.8 சதவீதம், இரும்பு ஆலைங்களும் கார் ஃபேக்டரிங்களும் இருந்த ஊருங்க பல எந்திரிக்கவே இல்ல. விலைவாசி ஏற்றம் 1983ல 3 சதவீதம் பக்கம் இறங்குச்சு. விதைச்சது கார்ட்டர், அறுத்தது அவருக்கு அடுத்து பிரசிடென்ட்டா வந்த ரீகன். ரீகனுக்கும் இதுல பங்கு உண்டுங்க, 1982ல சொந்தக் கட்சிக்காரங்களே வோல்க்கரைத் தூக்கச் சொன்னப்போ அவர் தூக்கல, அடுத்த வருஷம் மறுபடியும் பதவி கொடுத்தார்.

கேள்வி: ஈரான்ல பிணைக்கைதிங்களைப் பிடிச்சு வச்சப்போ ஒரு வல்லரசு ஏன் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: கையைக் கட்டல, கட்டிப் போட்டுட்டாங்க. 1979 நவம்பர் 4ந் தேதி ஈரான் தலைநகர் டெஹ்ரான்ல இருந்த அமெரிக்க தூதரகத்துக்குள்ள மாணவருங்க புகுந்தாங்க, கடைசி வரைக்கும் உள்ள மாட்டினது 52 பேர். குண்டு போட்டா முதல்ல சாகறது அந்த 52 பேர் தான்னு கார்ட்டருக்குத் தெரியும். டிவில தினமும் இன்னிக்கு எத்தனாவது நாள்னு எண்ணிச் சொன்னாங்க. அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு வெள்ளை மாளிகை பக்கத்துல நிக்கிற தேசிய மரத்துல உச்சியில இருந்த நட்சத்திரத்துக்கு மட்டும் விளக்கு, மரம் முழுக்க இருட்டு, அவங்க வீட்டுக்கு வந்தா தான் மிச்ச விளக்குன்னுட்டார். மனுஷத்தனமான காரியம், ஆனா அரசியல்ல அது என்ன பண்ணுச்சுன்னா நாடே அந்த இருட்டை உக்காந்து பார்த்துச்சு.

1980 ஏப்ரல் 24ல மீட்பு முயற்சி. எட்டு ஹெலிகாப்டர் கிளம்புச்சு, பாலைவனப் புழுதியிலயும் ரிப்பேர்லயும் மூணு போக மிச்சம் அஞ்சு, குறைஞ்சது ஆறு வேணும், திரும்பிடலாம்னு முடிவு பண்ணி கிளம்பறப்போ ஒரு ஹெலிகாப்டர் பக்கத்துல நின்ன விமானம் மேல மோதி எட்டு பேர் செத்தாங்க. விடிஞ்சதும் கார்ட்டர் டிவில வந்து பொறுப்பு முழுசும் என்னோடதுன்னார், எந்த ஜெனரல் பேரையும் சொல்லல. நவம்பர் 4, தூதரகத்தைப் பிடிச்சு சரியா ஒரு வருஷம் ஆன அன்னிக்கே தேர்தல், மாநிலவாரியா கணக்கு பண்ற எலக்டோரல் ஓட்டுல ரீகன் 489, கார்ட்டர் 49. அதுக்கப்புறமும் பதவியோட கடைசி ரெண்டு ராத்திரி ஓவல் ஆபீஸ்ங்கற தன் ஆபீஸ் அறையிலயே கிடந்து, அல்ஜீரியா மூலமா பேசி முடிச்சார். 444வது நாள், ரீகன் பதவி ஏத்த சில நிமிஷத்துல தான் விமானத்தைக் கிளம்ப விட்டாங்க. மறுநாள் ஜெர்மனிக்குப் பறந்துபோய், பதவி இல்லாத மனுஷனா அவங்களைப் பார்த்தார் கார்ட்டர். அந்த 52 பேர்ல ஒருத்தர் உசுர் கூட போகல.

கேள்வி: மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிச்சது சரியா? – வாசகர், சென்னை

பதில்: இல்லைங்க. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள புகுந்ததைக் கண்டிச்சுத் தான் கார்ட்டர் புறக்கணிச்சார், ஆனா அந்தப் படை அங்கேர்ந்து போனது 1989ல, ஒலிம்பிக் 1980ல. வருஷக்கணக்கா ஓடி ஓடிப் பழகின பிள்ளைங்க கனவு தான் போச்சு. உங்க ஊர் பாஸ்கரன் கேப்டனா இருந்து இந்தியா ஹாக்கி தங்கம் வாங்கினது அந்த ஒலிம்பிக்ல தான், பல பெரிய டீமுங்க வரலைன்னாலும் ஃபைனல்ல ஸ்பெயினை 4-3னு போராடித் தான் ஜெயிச்சாங்க.

கேள்வி: வெள்ளை மாளிகை கூரையில கார்ட்டர் சோலார் வச்சாராமே, அது இப்பவும் இருக்கா? – பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: 1979 ஜூன் 20ல வச்சார், 32 பேனல், தண்ணி சுட வைக்கிறதுக்கு. அன்னிக்கு கூரை மேல நின்னுக்கிட்டே, ஒரு தலைமுறை கழிச்சு இது மியூசியத்துல வைக்கிற பொருளாவும் ஆகலாம், இந்த நாடு செஞ்ச பெரிய காரியத்துல ஒரு சின்ன பாகமாவும் ஆகலாம்னு சொன்னார். 1986ல ரீகன் காலத்துல கூரை ரிப்பேருக்குன்னு கழட்டினது, திரும்ப மாட்டல. கிடங்குல கிடந்ததை 90கள்ல மெயின் (Maine)ங்கற அமெரிக்க மாநிலத்துல ஒரு சின்ன காலேஜ் வாங்கிட்டுப் போய் பிள்ளைங்க சாப்பாட்டுக் கூடத்துக்கு தண்ணி காய்ச்சினாங்க. அதுல ஒரு பேனல் இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு, இன்னொண்ணு சீனாவுல டெசோ நகரத்துல ஒரு சோலார் கம்பெனியோட மியூசியத்துல இருக்கு.