200 ரூபாய்தானே என்று ஒத்துக்கொள்ளாதீர்கள்

கேள்வி: 2020 மே மாதம் ஊரடங்கை மீறி பைக்கில் சுற்றியதாக இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 188, 269 பிரிவுகளில் என் மீது வழக்குப் போட்டு, ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். இப்போது சம்மன் வந்திருக்கிறது. 'ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடு' என்கிறார்கள். அரசு வேலைக்கு முயன்று வருகிறேன். ஜெயிலுக்குப் போக நேருமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: சட்டப்படி, அரசு அதிகாரியின் உத்தரவை மீறும் குற்றமான 188-க்கு ஒரு மாதம் வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் அபராதம், உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் ஆறு மாதம் அல்லது 1,000 ரூபாய். நோய் பரவும்படி அலட்சியமாக நடக்கும் குற்றமான 269-க்கும் அதிகபட்சம் ஆறு மாதம்தான். இரண்டிலுமே அபராதத்தோடு முடிக்கலாம். இதுபோன்ற வழக்கில் ஜெயில் அபூர்வம். இ.த.ச.வுக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 2,500 ரூபாய் அபராதம் 2020 சம்பவத்துக்குப் பொருந்தாது.

பயப்பட வேண்டியது அபராதத் தொகைக்கு அல்ல. ஒத்துக்கொண்டு கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. வேலைக்கான போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும்.

ஊரடங்கு வழக்குகள் வாபஸ் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ் போன்றவைதான் விலக்கு. ஆனால் அறிவிப்பால் வழக்கு தானாகச் சாகாது. கோர்ட்டுக்குப் போன வழக்கில் அரசு வழக்கறிஞர் வாபஸ் மனு போட்டு, நீதிபதி அனுமதிக்க வேண்டும். உங்கள் வழக்கில் அது விடுபட்டிருக்கலாம். முதலில் அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வாய்தாவுக்குக் கட்டாயம் போங்கள், போகாவிட்டால் வாரண்ட். 'குற்றத்தை மறுக்கிறேன்' என்று சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை நகல் இலவசமாகத் தர வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது, புகார் கொடுத்தது யார் என்பது. நீங்கள் மீறியதாகச் சொல்லும் 144 தடை உத்தரவைப் போட்டவர் கலெக்டர் என்றால், அவரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் கோர்ட் 188-ஐ எடுக்க முடியும் (பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 195). எஸ்.ஐ. தானே எஃப்.ஐ.ஆர். போட்டு அறிக்கை தாக்கல் செய்திருந்தால் அது செல்லாது. ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018-லேயே இதைச் சொல்லிவிட்டது. பல ஸ்டேஷன்களில் கோட்டை விட்டது இங்கேதான்.

269 நிற்க, நோய் பரவும் வாய்ப்பிருந்ததைக் காட்ட வேண்டும். உங்களுக்குத் தொற்று இருந்ததாகப் பரிசோதனை முடிவு எதுவும் இல்லையென்றால், பைக்கில் போனது மட்டும் போதாது என்று வாதாடலாம்.

அடுத்து, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி. இந்தப் பிரிவுகளுக்குக் காலவரம்பு ஓராண்டு. உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரை கழித்துக்கொள்ளச் சொன்னதால், அதைக் கணக்கில் எடுத்தாலும் 28.2.2023-க்குப் பின் தாக்கலானது காலாவதி. தாமதத்தைக் கோர்ட் மன்னித்திருந்தால் தவிர.

இவற்றில் ஒன்று கிடைத்தாலும் ரத்து மனு போடலாம் (புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528). வேலூர் மாவட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான், மதுரைக் கிளை அல்ல.

அதுவரை வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் 'நிலுவையில் உள்ளது' என்றே எழுதுங்கள். வழக்கைவிட அதை மறைத்ததற்காக வேலை இழந்தவர்கள் உண்டு.