1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இன்றும் ஏன் பயமுறுத்துகிறது?

உயிர்த்தெழுந்து மனிதர்களைத் தின்ன வரும் பிணங்கள் மெதுவாகத்தான் நடக்கின்றன, ஓடினால் தப்பிவிடலாம். ஆனாலும் ஜார்ஜ் ரொமேரோவின் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் நெஞ்சைப் பிசைகிறது. அதன் பயமெல்லாம் ஒரு பண்ணை வீட்டுக்குள்தான் இருக்கிறது. பிணங்களுக்குப் பயந்து ஏழு பேர் அங்கே அடைபட்டிருக்கிறார்கள். நிலவறையில் ஒளிவதா, மேலேயே நின்று ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பதா என்ற சண்டையிலேயே அவர்கள் பலம் கரைகிறது.

என்னை உலுக்கியது முடிவுதான். கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் நடித்த பென், இரவு முழுவதும் தாக்குப்பிடிக்கிறான். விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் ஊர்க்காரர்கள் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து வரும் அசையாப் படங்கள் செய்தித்தாள் புகைப்படங்கள் போலவே இருக்கின்றன. நடக்கும் பிணங்களை மறந்துவிட்டேன், அந்த அசையாப் படங்களை மறக்க முடியவில்லை.