லிஃப்டில் ஏறாதவரும் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில், தரைத்தளத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு எங்களுடையது. ஐந்தாம் மாடியில் மூன்று படுக்கையறை வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் மாதப் பராமரிப்பு பில் ஒரே தொகைதான். லிஃப்டில் நாங்கள் கால் வைப்பதே இல்லை. அதற்கும் சேர்த்து வாங்குகிறார்கள். வேளச்சேரியில் என் மைத்துனர் சதுர அடிக் கணக்கில்தான் கட்டுகிறார். நாங்கள் மட்டும் ஏன் தண்டம் அழ வேண்டும்?

பதில்: லிஃப்ட் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. மகாராஷ்டிர அரசு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு வகுத்த மாதிரித் துணைவிதிகளின்படி (சங்கத்தை நடத்தும் விதிமுறைகள்), லிஃப்ட் உள்ள கட்டடத்தின் உறுப்பினர்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதன் செலவைச் சமமாகப் பகிர வேண்டும். காவலாளி சம்பளம், துப்புரவு, பொது விளக்கு, தணிக்கைக் கட்டணம் போன்ற சேவைக் கட்டணங்களும் வீட்டுக்கு வீடு சமம். மூன்று படுக்கையறைக்காரருக்காகக் காவலாளி கூடுதல் நேரம் விழித்திருப்பதில்லையே!

மைத்துனர் சொல்வதும் பொய்யில்லை. சென்னை அடுக்ககங்களில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் அல்ல, உரிமையாளர் சங்கங்கள். அங்கே நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிபடாத பாகத்தையோ (யுடிஎஸ்) வீட்டின் சதுர அடியையோ வைத்துப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கை செம்பூரில் போய்க் கேட்டால் எடுபடாது.

ஆனால் மொத்த பில்லும் ஒரே தொகை என்கிறீர்களே, அதுதான் உதைக்கிறது. சமப் பங்கு என்பது பில்லின் ஒரு பகுதிக்கு மட்டுமே. தண்ணீர்க் கட்டணம் வீட்டுக்குள் வரும் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. மூன்று குளியலறை வீடும் உங்கள் வீடும் அதில் சமமாக வாய்ப்பில்லை. சொத்து வரி மாநகராட்சி அந்தந்த வீட்டுக்குப் போட்டபடி. வண்டி நிறுத்தும் கட்டணம் இடம் வைத்திருப்பவருக்கு மட்டும்.

பெரிய வித்தியாசம் பழுதுபார்ப்பு நிதியிலும், பின்னாளில் வரும் பெரிய கட்டட வேலைகளுக்காகச் சேர்த்துவைக்கும் சிங்கிங் ஃபண்டிலும்தான் (sinking fund). நிலத்தின் விலையைச் சேர்க்காமல், வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம் முன்னதற்கு, 0.25 சதவீதம் பின்னதற்கு. உங்கள் வீட்டின் கட்டுமானச் செலவு 10 லட்சம், மேல்வீட்டினுடையது 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச விகிதத்தில் நீங்கள் ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்ட வேண்டும், அவர் 25,000. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அவருடைய 7,500 ரூபாய் உங்கள் தலையில் விழுகிறது.

எனவே லிஃப்டை விட்டுவிடுங்கள். செயலாளருக்கு எழுத்துமூலம், பில்லைத் தலைப்புவாரியாகப் பிரித்துத் தரும்படியும், இந்தக் கணக்கை ஏற்ற பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலைத் தரும்படியும் கேளுங்கள். உங்கள் சங்கம் பதிவு செய்துள்ள துணைவிதிகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பதில் வராவிட்டால் உங்கள் வார்டின் கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் முறையிடலாம்.

அதுவரை கோபத்தில் பில்லை நிறுத்திவிடாதீர்கள். பாக்கிக்கு வட்டி போடத் துணைவிதி இடம் தருகிறது. 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.