விட்டதைச் சேர்த்து ஓடலாமா? ஜனவரி ஓட்டத்துக்கு ஒரு கேள்வி பதில்

சென்னையில் ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் மாரத்தானுக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர் ஓட்டப் பயிற்சியாளர். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

காரைக்குடி: விற்பனை வேலை அண்ணே. வாரத்தில் மூணு நாள் வெளியூர், அதில் ஒரு ராத்திரி பஸ்ஸில்தான் தூக்கம். 10 கி.மீ. ஓட 65 நிமிஷம் ஆகுது. 18 வாரத்தில் அரை மாரத்தான் முடியுமா?

தாராளமா முடியும். 65 நிமிடத்தில் 10 ஓடுகிற கால், ஒழுங்காகப் பழக்கினால் 21.1 கி.மீ.யை 2 மணி 25 நிமிடத்தை ஒட்டி முடிக்கும். உங்களுக்கு இடைஞ்சல் கால் இல்லை, பஸ்தான்.

வாரத்துக்கு நாலு ஓட்டம் போதும். அதில் இரண்டை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. ஒன்று ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். இன்னொன்று, ஊரில் இருக்கிற ஏதோ ஒரு நாளில் வேக ஓட்டம்: 2 கி.மீ. மெதுவாக, பிறகு 5 நிமிடம் வேகம், 2 நிமிடம் நடை என்று நாலு சுற்று, கடைசியில் 1 கி.மீ. மெதுவாக. மற்ற இரண்டும் அரை மணி நேர மெதுவோட்டம். லாட்ஜ் வாசலிலிருந்து கால் மணி நேரம் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பினால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு கிலோமீட்டரில் இப்படி: 9, 10, 11, 8. அடுத்து 12, 13, 14, 10. அடுத்து 15, 16, 17, 12. அதற்கப்புறம் 18, 14, 19. பிறகு 14, 9, பந்தயம். நாலு வாரத்துக்கு ஒருமுறை இறங்குவதைப் பார்த்து, தெம்பு இருக்கிறதே என்று ஏற்றிவிடாதீர்கள். மூச்சு ஆறு வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கில்தான் பழகும். அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறது. நீள ஓட்டத்தின் வேகம் கிலோமீட்டருக்கு ஏழரையிலிருந்து எட்டு நிமிடம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவருக்கு ஒரு முழு வாக்கியம் பதில் சொல்ல முடிய வேண்டும். ஒற்றை வார்த்தைதான் வருகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

ராத்திரி பஸ் உடம்புக்கு ஓய்வு இல்லை, அதுவும் ஒரு வேலை. காலையில் இறங்கியதும் ஓடாதீர்கள். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் வேக ஓட்டமே கிடையாது. சாயங்காலம் அரை மணி மெதுவாக, அவ்வளவுதான். பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போகிற நாளும் அதே கணக்குத்தான்: விடியுமுன் ஏறி மதியம் வரை மடங்கிக் கிடந்த இடுப்பை இறங்கியவுடன் விரட்டினால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடங்கள்.

திருப்பத்தூர்: ஆடிட் வேலையில் இந்த வாரம் ரெண்டு நாள் விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை 12க்குப் பதிலா 20 ஓடிச் சேர்த்துடலாமா?

கூடாது. ஒரு வாரம் முழுக்க விட்டாலும் தேர்ச்சி பெரிதாகக் குறையாது. 12லிருந்து 20க்குத் தாவினால் முன்னங்கால் எலும்பு வலி வந்து ஆறு வாரம் உட்காரவேண்டி வரும். விட்டது விட்டதுதான்.

தேவகோட்டை: வயது 52. சர்க்கரைக்குக் கிளிமிப்ரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. அரை மாரத்தான் ஆசை. ஓடலாமா?

ஓடுகிறவர்கள் நிறைய. ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் உங்கள் மருத்துவர்: இதயப் பரிசோதனை, கண், பாதம், சிறுநீரகம். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிமிப்ரைடு அப்படி இல்லை, ஓட்டத்தின் நடுவிலேயே இறக்கிவிடும். நீள ஓட்ட நாளில் அளவை என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ விடவோ வேண்டாம்.

ஓடுமுன் விரலில் குத்திப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இரண்டு மூன்று இட்லி. 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். இடுப்புப் பையில் குளுக்கோஸ் தூள் கட்டாயம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் வந்தால் நின்று 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, வாயில் போடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். நீள ஓட்டம் ஓடிய ராத்திரி தூக்கத்திலும் இறங்கலாம். படுக்குமுன் ஒருமுறை பாருங்கள். தனியாக ஓடாதீர்கள். ஓடி வந்ததும் பாதத்தை விரலிடுக்கு வரை பாருங்கள், எரிச்சல் தெரியாமலே கொப்புளம் உடைந்திருக்கும்.

இன்னொன்று, எல்லாருக்கும் சேர்த்து: ஓட்டத்துக்கு முன் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைப் போடாதீர்கள். வியர்த்து நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும்.

புதுவயல்: எந்த கம்பெனி ஷூ நல்லது?

கம்பெனி சொல்ல மாட்டேன். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். நெட்டை விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 500 முதல் 800 கி.மீ.க்கு மேல் ஓட்டாதீர்கள். பந்தயத்தன்று புது ஷூ கூடாது.

கோட்டையூர்: முட்டி எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அது என் வேலை இல்லை.

கானாடுகாத்தான்: வயது 34. ரெண்டு மாசமா அதே 6 கி.மீ.க்கு மூச்சு வாங்குது, படி ஏறினாலே கால் கனக்குது. பயிற்சி போதலையா?

பயிற்சியைக் கூட்டாதீர்கள். முதலில் ரத்தம்: ஹீமோகுளோபினோடு ஃபெர்ரிட்டினும் (உடம்பில் சேமித்திருக்கிற இரும்புச்சத்தைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள், தைராய்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு ரத்தசோகை. 12க்கு மேலே இருந்தாலும் ஃபெர்ரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கலாம். வெறும் ஹீமோகுளோபினைப் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். குறைவு என்று தெரிந்தபின் மருத்துவர் சொல்லும் மாத்திரை. சாப்பிட்ட கையோடு டீ, காப்பி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். கீரையோ பயறோ சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்புச்சத்து நன்றாக இறங்கும். அதுவரை வாரம் மூன்று நாள், நடையும் ஓட்டமும் கலந்து அரை மணி.

குன்றக்குடி: தண்ணி எவ்வளவு குடிக்கணும்? லிட்டர் கணக்கு சொல்லுங்க.

உங்கள் லிட்டர் வேறு, பக்கத்து வீட்டுக்காரர் லிட்டர் வேறு. குறைந்த உடையில் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடுங்கள், துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததை அதோடு கூட்டுங்கள். அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு குடித்தால் போதும். ஓடி முடித்தபின் எடை ஏறியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டீர்கள். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும், வழியில் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் வயிறுதான் போகும்.

பள்ளத்தூர்: தம்பி, பதினோரு வருஷமா பழனிக்கு நடக்கிறேன். குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு போற தூரத்துக்கு முன்னாடி உங்க 42 கி.மீ. மாரத்தான் எம்மாத்திரம்? எனக்கு எதுக்குப் பயிற்சி?

ஐயா, நடக்கும்போது எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டும் மேலே போய், ஒற்றைக் காலில் இறங்குகிறோம். நடையில் ஒவ்வோர் அடிக்கும் பாதத்தில் விழுவது உடம்பு எடையைவிடக் கொஞ்சம்தான் கூட. ஓட்டத்தில் இரண்டு மூன்று மடங்கு. 150 கி.மீ. நடந்த காலுக்கு அந்த அடி பழக்கமில்லை. நடையாகவே போகலாம் என்றாலும், மணிக்கு 5 கி.மீ. என்றால் 42.195 கி.மீ.க்கு எட்டரை மணி நேரம். பெரும்பாலான பந்தயங்களில் அதற்குள் சாலையைத் திறந்துவிடுவார்கள்.

பள்ளத்தூர்: அப்போ காவடியோட வெறுங்காலில் போறவனுக்குத் தெம்பு இல்லேங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. பாதயாத்திரைக்காரருக்கு மூன்று சொத்து இருக்கிறது: பல மணி நேரம் நின்று பழகிய பாதம், நடுராத்திரியில் எழுந்து கிளம்பும் பழக்கம், போகிற போக்கில் சாப்பிட்டுச் செரிக்கிற வயிறு. மூன்றாவது இல்லாமல்தான் புதிதாக ஓடுகிறவர்கள் 30 கி.மீ.யில் சுருண்டு விழுகிறார்கள். உங்களிடம் இல்லாதது, கெண்டைக்காலும் தொடையும் அதிர்வைத் தாங்குகிற பழக்கம் ஒன்றுதான்.

புதுவயல்: ஐயா சொல்றதுதான் சரி. செருப்பில்லாம நடக்கிற காலுதான் உறுதி. ஷூ எல்லாம் வியாபாரம்.

வெறுங்கால் நடையை வைத்து வெறுங்கால் ஓட்டத்தைச் சொல்லாதீர்கள். வெறுங்காலில் ஓடினால் முன்பாதம் முதலில் விழும், பாரம் முழுக்கக் கெண்டைக்காலிலும் பாத எலும்பிலும் இறங்கும். திடீரென்று மாறினால் பாத எலும்பில் மயிர்க்கீற்று விரிசல். ஆசை இருந்தால் கண்மாய்க் கரைச் செம்மண்ணில், மெதுவோட்டத்தின் கடைசி 200 மீட்டர் மட்டும், வாரம் இரண்டு நாள். வாரத்துக்கு 100 மீட்டர் கூட்டுங்கள். முள் இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டு ஓடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு கரை வழுக்கும், அப்போது மைதானம்.

அரியக்குடி: ரெண்டும் பண்ணணும் அண்ணே. ஜனவரியில் ஓட்டம், தைப்பூசத்துக்கு நடை.

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பூசம் வருஷத்துக்கு வருஷம் நகரும், முதலில் காலண்டரைப் பாருங்கள். முழு மாரத்தானுக்கும் யாத்திரைக்கும் நடுவில் மூன்று வாரத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த வருஷம் 10 கி.மீ.யோ அரையோ ஓடுங்கள். ஓடி முடித்து முதல் வாரம் ஓட்டமே வேண்டாம், 20 முதல் 40 நிமிட நடை மட்டும். இரண்டாம் வாரம் நடையை 8, 10 கி.மீ. ஆக்கலாம். நகம் கறுத்திருந்தாலோ கொப்புளம் ஆறாமல் இருந்தாலோ அதை ஆற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வழியில் வலி மாத்திரை கொடுப்பார்கள். வெறும் வயிற்றில், வியர்த்துக்கொண்டு, வாங்கிப் போடாதீர்கள். யாத்திரைக்கும் இதே விதிதான்.

பள்ளத்தூர்: சரி தம்பி, கோபமில்லை.

காரைக்குடி, இன்னொருவர்: பத்து நாள் சிங்கப்பூர் வேலை. ஓட்டத்தை எப்படி வைக்கிறது?

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 6 மணி, உங்கள் உடம்புக்கு விடிகாலை மூன்றரை. முதல் இரண்டு நாள் சாயங்காலம் அரை மணி ஓடுங்கள், மூன்றாம் நாளிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். அங்கே விடியவே ஏழு மணி ஆகும், ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். ஷூவைக் கைப்பையில் வையுங்கள், பெட்டி வராவிட்டாலும் ஓட்டம் நிற்காது.

சாக்கோட்டை: போன வாரம் காய்ச்சல், மூணு ஓட்டம் போச்சு. சேர்த்து...

சேர்க்கக் கூடாது. காய்ச்சலோடும் ஓடாதீர்கள், இதயத்தசை வீங்குகிற ஆபத்து உண்டு. காய்ச்சல் விட்டபின் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட 8, 10 கூடுதலாக இருந்தால் இன்னும் ஆறவில்லை. டெங்கு என்றால் மருத்துவர் சொல்கிற வரை ஓட்டமே இல்லை.

கண்டனூர்: பந்தயத்துக்கு முந்தின நாள் கவுனி அரிசி சாப்பிட்டா தெம்பா?

கவுனியில் நார் அதிகம், அதைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி ரசஞ்சோறு, இடியாப்பம், இட்லி. காலையில் இரண்டரை மணி நேரம் முன்னால் நாலு இட்லி சீனியோடு. சாம்பார் வேண்டாம், கறிக்குழம்பு நினைப்பே வேண்டாம். ஓடும்போது முதல் 40 நிமிடத்துக்குப் பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. கடலை மிட்டாயில் கொழுப்பு உண்டு, வேகத்தில் வயிற்றில் நிற்கும். வாழைப்பழமோ ஓட்டக்காரர்கள் சாப்பிடும் இனிப்பு ஜெல்லோ, எதுவானாலும் நீள ஓட்டத்தில் நாலைந்து தடவை பழக்கியது மட்டும்.

தேவகோட்டை, இன்னொருவர்: இந்த ஞாயிறு கல்யாணம். அடுத்த ஞாயிறு சேர்த்து ஓடலாமா?

கூடாது என்று மேலே இரண்டு இடத்தில் இருக்கிறது.

பள்ளத்தூர்: தம்பி, அந்தக் கெண்டைக்கால் பழக்கம் எப்படிப் பண்றது? 10 கி.மீ.க்குப் பேர் கொடுத்துட்டேன்.

வீட்டு முகப்புப் படியில் ஐயா. தூணைப் பிடித்துக்கொண்டு முன்பாதம் மட்டும் படியில் இருக்க, இரண்டு காலாலும் எம்பி, ஒரு காலை எடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் நாலு எண்ணும் வரை குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். காலுக்கு 10 தடவை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டொரு நாள். இரண்டு வாரம் கழித்து ஒரு நிமிட ஓட்டம், நாலு நிமிட நடை, ஆறு சுற்று. குதிகாலுக்கு மேலே காலையில் விறைப்பு வந்தால் சுற்றை ஒன்றாகக் குறையுங்கள்.