வாங்குவதும் அரசு, விற்பதும் அரசு!

கேள்வி: இங்கிலாந்தில் மருத்துவம் இலவசம், ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் அரசுடையவை. அப்படியிருக்க, அரசே தன் ஆஸ்பத்திரியிடம் சிகிச்சையை 'வாங்குகிறது' என்கிறார்களே, இது என்ன கூத்து?

பதில்: கூத்துதான், ஆனால் காரணம் உண்டு. 1948-ல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்கு நேராகவே பணம் போனது. 1991-ல் அதை வாங்கும் தரப்பு, விற்கும் தரப்பு என்று இரண்டாகப் பிரித்தார்கள். இந்த வட்டாரத்துக்கு என்ன சிகிச்சை எவ்வளவு தேவை என்று வாங்கும் தரப்பு கணக்குப் பார்த்து ஒப்பந்தம் போடும், ஆஸ்பத்திரி செய்து கொடுக்கும், போட்டியில் தரம் கூடும் என்று நம்பினார்கள். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பிறகு இதைக் கைவிட்டன.

கேள்வி: சரி, வாங்கும் அமைப்பை ஏன் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

பதில்: பெயர்ப்பலகை மாற்றுவது சுலபம் என்பதால்! 2013-ல் குடும்ப டாக்டர்களை முன்னிறுத்தி, சிகிச்சை வாங்க 211 குழுக்கள் வந்தன, 2022 ஜூலையில் அவற்றைக் கலைத்துவிட்டு 42 வாரியங்கள். என்னைக் கேட்டால், யார் வாங்குகிறார் என்பதைவிட எதை எண்ணிப் பணம் தருகிறார் என்பதுதான் விஷயம். சர்க்கரை நோயாளி ஒருவர் காலில் புண்ணோடு இருக்கிறார் என்று வையுங்கள். நர்ஸ் வீட்டுக்கே போய் வாரம் இரண்டு முறை கட்டு மாற்றினால் புண் ஆறிவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போகும் நர்ஸ் சேவைக்குப் பெரும்பாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைதான், எத்தனை முறை போனாலும் கூடுதலாக ஒரு பைசா வராது. ஆஸ்பத்திரிக்கோ 2003-க்குப் பிறகு வந்த முறையில் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தார்கள், ஆக புண் முற்றி அவர் அட்மிட் ஆனால் வரவு, வீட்டிலேயே ஆறினால் பூஜ்யம். டாக்டர் யாரும் கெட்டவர் இல்லை, கணக்கு அப்படி!

கேள்வி: எல்லாவற்றுக்கும் டெண்டர் விட்டால் நியாயமாக இருக்காதா?

பதில்: கட்டுக்கட்டாகப் பஞ்சு வாங்க டெண்டர் சரி. குழந்தைகளைக் கவனிக்கும் சேவைக்கு? சர்ரே பகுதியில் அப்படி விட்ட டெண்டரில் தோற்ற தனியார் நிறுவனம் வழக்குப் போட, 2017-ல் பொதுப்பணத்திலிருந்து அதற்கு இழப்பீடு கொடுத்து முடித்தார்கள், அந்தக் காசில் ஒரு பிள்ளைக்குக்கூட வைத்தியம் நடக்கவில்லை. 2024 ஜனவரி முதல் விதி தளர்ந்திருக்கிறது. இப்போது செய்பவர் நன்றாகச் செய்தால், டெண்டர் இல்லாமலே அவரிடம் தொடரலாம். நன்றாகச் செய்கிறாரா என்று பார்க்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் செலவழிக்க மனம் வருவதில்லை.